பாலைவனப் பட்டாளமும் பர்மா யுத்தமும்

1931-இல் ஹாலிவுட்டில் வந்த லாரல்-ஹார்டி நகைச்சுவை ‘போ ஹங்க்ஸ்’ 37 நிமிடப் படம்தான். காதலி கைவிட்ட துக்கத்தில் ஹார்டி பிரெஞ்சு அந்நியர் படையில் சேர்கிறார். துணைக்கு லாரலையும் இழுத்துப் போகிறார். பாலைவனப் பாசறைக்குப் போனால், அங்குள்ள சிப்பாய்களும் அதே பெண்ணின் போட்டோவை வைத்துக்கொண்டு புலம்புகிறார்கள். போட்டோவில் இருப்பவர் ஜீன் ஹார்லோ. கோட்டைக்குள் புகும் எதிரிகள் வெறுங்காலர்கள் என்பதால், பீப்பாய் பீப்பாயாகக் குத்தாணிகளைக் கொட்டிப் போரை முடிக்கிறார்கள் நம்மாட்கள். பிடிபட்ட எதிரித் தலைவன் கையிலும் அதே போட்டோ! அந்த வேடத்தில் நடித்தவர் படத்தின் இயக்குநர் ஜேம்ஸ் ஹார்ன்.

சகாரா ஹாலிவுட்காரர்களுக்குத் தூரத்துச் சண்டை. அதனால் சிரிக்க முடிந்தது.

ஆனால் பர்மாவில் கடன் கொடுத்து வாங்கிய செட்டிநாட்டு நகரத்தாருக்கு யுத்தம் பேரேட்டுக்குள்ளேயே நுழைந்துவிட்டது. 1930-களின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் விளைநிலத்தில் ஏறத்தாழ 25 விழுக்காடு நகரத்தார் கைக்கு வந்திருந்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் கடனைத் திருப்ப முடியாதவர்கள் கொடுத்த நிலம் அது. 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்தது. மறு மார்ச்சில் நகரமே ஜப்பானியர் வசமானது. கொண்டுவிற்க, அதாவது தொழில் நடத்த, பர்மா போன மேலாளும் பெட்டியடிப் பையனும் தொழில் நடந்த கிட்டங்கியைப் பூட்டிவிட்டு ஊர் திரும்ப வழி தேடினார்கள்.

அந்தக் காயம் ஆறுமுன்பே தமிழில் பட்டாளப் படங்கள் வந்தன. ஃபிலிம் சுருளுக்கு லைசென்ஸ் அரசின் கையில். போர் ஆதரவுப் படம் எடுக்கச் சொல்லி நெருக்கடி. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ‘பர்மா ராணி’யை எடுத்தது. டி.ஆர்.சுந்தரம் இயக்கியதோடு ஜப்பானிய அதிகாரியாகவும் நடித்தார். ஜெமினிக்காக ‘கண்ணம்மா என் காதலி’யை இயக்கியவர், செட்டிநாட்டுக் கொத்தமங்கலத்தின் பெயரைத் தாங்கிய சுப்பு. இரண்டும் 1945. வசனத்திலும் பாட்டிலும் சுப்புவுக்கு நையாண்டி சரளமாக வரும். ஆனாலும் பர்மாவிலிருந்து அகதிகள் நடந்து வந்த பாதையில் குத்தாணி வேடிக்கைக்கு ஏது இடம்?

காரைக்குடிக்காரரான ஏவி.மெய்யப்பனோ வேறு வழி பிடித்தார். யுத்தகாலச் சென்னையில் மின்சாரத் தட்டுப்பாடு. தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு ஸ்டுடியோ நடத்தினார். அங்கிருந்து 1947 தொடக்கத்தில் வந்த ‘நாம் இருவர்’ படத்தில் பட்டாளம் இல்லை, டி.கே.பட்டம்மாள் குரலில் பாரதி பாட்டும், குமாரி கமலாவின் ஆட்டமும் இருந்தன. சுதந்திரத்துக்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது.