கோஹபர்ச் சுவர்: அழிவதும் அழிக்கப்படுவதும்

1934 ஜனவரி 15 அன்று வட பீகாரைக் குலுக்கிய நிலநடுக்கத்தில் மிதிலை வட்டாரத்து மண்வீடுகள் இடிந்தபோது, அதுவரை வீட்டாரும் உறவினரும் மட்டுமே கண்டிருந்த உள்ளறை ஓவியங்கள் வெட்டவெளிக்கு வந்தன. சேதத்தைப் பார்வையிடச் சென்ற ஆங்கிலேய அதிகாரி வில்லியம் ஆர்ச்சர் அவற்றைக் கண்டு வியந்தார். பின்னர் ஒளிப்படங்கள் எடுத்தார். 1949-இல் 'மார்க்' இதழில் கட்டுரை எழுதினார். மிதிலை ஓவியம் வெளியுலகுக்கு அறிமுகமானது இந்த இடிபாட்டின் வழியேதான்.

அவற்றுள் தலையாயது, புதுமணமக்கள் தங்கும் அறையான 'கோஹபர் கர்' சுவரில் எழுதப்படுவது. நடுத்தண்டைச் சூழ்ந்த வட்டவட்டமான தாமரை இலைகள், மூங்கில், மீன், ஆமை, கிளி, சூரிய சந்திரர், அறையின் மூலைகளில் நைனா ஜோகின் உருவங்கள். தாமரையைப் பெண்மையாகவும் மூங்கிலை ஆண்மையாகவும் ஆர்ச்சர் வாசித்தார். பின்வந்த சிலர் அதைத் தாந்திரிகம் வரை நீட்டினர். வரைந்த பெண்களின் விளக்கம் இதற்குப் பொருந்தவில்லை என்று மானிடவியலாளர் கரோலின் பிரௌன் 1996-இல் வாதிட்டார். அவர் வாதத்துக்கே வலு அதிகம். வடமொழி 'வம்ச' என்னும் சொல் மூங்கிலையும் குலத்தையும் ஒருங்கே குறிக்கும். புதராய்ப் பெருகும் மூங்கில், தழைக்கும் குடும்பத்துக்கு வாழ்த்தாக நிற்கிறது.

செய்முறையும் கவனிக்கத்தக்கது. ராஜஸ்தானத்து அரண்மனைச் சுவர்களில் தொழில்முறை ஓவியர்கள், ஊசியால் துளையிட்ட 'காக்கா' தாளைச் சுவரில் ஒட்டிக் கரித்தூளைத் தட்டி வரைகோட்டைப் பெயர்த்தனர். ஏறத்தாழ ஸ்டென்சில் முறைதான் அது. மிதிலையில் அத்தகைய அச்சு இல்லை. கைதேர்ந்த மூதாட்டி மூங்கில் குச்சியால் வெறுங்கையாகவே கோடிழுப்பார். இளையோர் வண்ணம் நிரப்புவர். நினைவுக்குத் துணையாகச் சில வீடுகளில் தாளில் மாதிரிகள் வைத்திருந்தனர். அது பார்த்து வரைவதற்கானது. சுவரில் வைத்துப் பெயர்ப்பதற்கானது அன்று. எனவே ஒரே உருத்திட்டம் தலைமுறைதோறும் வந்தாலும் எந்த இரு சுவரும் ஒன்றாயிருக்கவில்லை. மழைக்கும் ஈரத்துக்கும் சுவர் மங்கும். பூசி மெழுகி, அடுத்த திருமணத்துக்கு மீண்டும் வரைவர். நிலைத்திருக்க வேண்டியது ஓவியமன்று, வரையத் தெரிந்த கை.

1966-67 வறட்சியின்போது, புபுல் ஜயகர் தலைமையிலிருந்த அகில இந்தியக் கைவினை வாரியம், பாஸ்கர் குல்கர்னி என்ற மும்பை ஓவியரை மதுபனிக்கு அனுப்பியது. அவர் பெண்களிடம் தாளைக் கொடுத்து வரையச் சொன்னார். வருவாய் கிடைத்தது, வறுமையில் உழன்ற குடும்பங்களுக்கு அது சிறிய செய்தியன்று. ஓவியருக்குப் பெயரும் கிடைத்தது. ஜகதம்பா தேவி 1975-இலும், சீதா தேவி 1981-இலும், கங்கா தேவி 1984-இலும் பத்மஸ்ரீ பெற்றனர். சுவரில் எவரும் கையெழுத்திட்டதில்லை. ஆனால் நான்கு புறமும் மணமக்களைச் சூழ்ந்திருந்த ஓவியம், தாளில் ஒரு பக்கம் மட்டும் பார்க்கப்படும் பொருளாயிற்று. இம்மாற்றத்தைப் 'புத்துயிர்ப்பு' என்ற ஒரே சொல்லால் கடந்து செல்வது போதாது.

கங்கா தேவி தம் இறுதி ஆண்டுகளில், புற்றுநோய்ச் சிகிச்சைக்கிடையே, டில்லி கைவினை அருங்காட்சியகத்தில் ஒரு கோஹபர் அறையை முழுமையாக வரைந்தார். கிராமத்துச் சுவர் பெறாத நிலைபேற்றை இதற்குத் தரவே அருங்காட்சியகம் முன்வந்தது. 1991-இல் அவர் மறைந்தார். புதுப்பிப்புப் பணிகளின்போது அந்த அறை அழிக்கப்பட்ட செய்தி 2015 தொடக்கத்தில் வெளியாயிற்று.

சுவரோவியம் அழிவது மிதிலைக்குப் புதிதன்று என்று இதற்குச் சமாதானம் சொல்ல இயலாது. கிராமத்தில் சுவரை மெழுகியவர்களே மீண்டும் வரைந்தனர். டில்லிச் சுவரை அழித்தவர்களுக்கு வரையத் தெரியாது. வரைந்தவரோ உயிருடன் இல்லை. அந்த அறையைப் பற்றி அறிய விரும்பும் மாணவருக்கு இன்று எஞ்சியிருப்பவை ஒளிப்படங்களும், ஜ்யோதீந்திர ஜெயின் கங்கா தேவியைப் பற்றி எழுதிய நூலுமே.