உளநெருக்கீடும் உடல்நோயும்: ஓர் ஆராய்ச்சி வரலாறு

கவலை உடலை அரிக்கும் என்பது எல்லா நாட்டு மூத்தோரும் கூறிவந்த உரையே. ஆயின் எத்தகைய கவலை, எவ்வழியால், யாருடைய உடலை அதிகமாகத் தாக்குகின்றது என்னும் வினாக்களுக்குச் சோதனை வாயிலாக விடைகாண முயன்றமை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் கால வரலாறேயாகும். அவ்வரலாற்றில் இரு விடயங்கள் சிறப்பாக நோக்கற்பாலன. ஒன்று, மனத்திலிருந்து உடலுக்குச் செல்லும் பாதை படிப்படியாகத் துலங்கியமை. மற்றையது, பொறுப்பைச் சுமக்கும் மேலோரே நெருக்கீட்டால் நோயுறுவர் என்னும் கொள்கை எழுந்து, பரவி, இறுதியில் வீழ்ந்தமை. இவ்விரண்டையும் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பிரான்சிய உடற்றொழிலியல் அறிஞர் குளோட் பேர்ணாட், வெளியுலகம் எவ்வளவு மாறினும் உடலினுள்ளே ஒரு நிலையான சூழல் பேணப்படுகின்றது எனக் கூறினார். அக்கருத்தை வளர்த்தவர் அமெரிக்காவின் ஹாவாட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வோல்ற்றர் கனன் ஆவர். மாணவராயிருந்த காலத்தில் இவர் பூனைகளின் இரைப்பை அசைவினை எக்ஸ் கதிர்களால் அவதானித்து வந்தார். பூனை அச்சமோ சினமோ கொண்டவுடன் அவ்வசைவு நின்றுவிடுவதைக் கண்டார். சிறு அவதானமெனினும் இதுவே பின்வந்த பேராராய்ச்சிக்கு வித்தாயிற்று. ஆபத்து நேருமிடத்து அதிரீனலின் குருதியிற் கலக்கின்றது, இதயம் விரைகின்றது, தசைகளுக்குக் குருதி பாய்கின்றது, உயிர் போரிடவோ தப்பியோடவோ ஆயத்தமாகின்றது. இவ்வாராய்ச்சிகளை 1915ஆம் ஆண்டு அவர் நூலாக வெளியிட்டார். அவர் கண்டவை சில நிமிடங்கள் நீடிக்கும் ஆபத்துக்கள். ஆபத்து நாட்கணக்கில் நீடித்தால் உடல் என்னாகும் என்பதே அடுத்த வினாவாயிற்று.

அதற்கு விடை கூற முற்பட்டவர் 1907இல் வியன்னா நகரிற் பிறந்து, கனடா நாட்டின் மொன்றியல் நகரிலுள்ள மக்கில் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய ஹான்ஸ் செலியே என்பவர். அவர் தேடியது வேறு, கண்டது வேறு. புதியதோர் ஓமோனைக் காணும் விருப்பினால், சூலகத்திலிருந்து எடுத்த சாற்றை எலிகளுக்கு ஏற்றினார். எலிகளின் அதிரீனற் சுரப்பிகள் பருத்தன. தைமசுச் சுரப்பியும் நிணநீர்க் கணுக்களும் சுருங்கின. இரைப்பையிற் புண் தோன்றியது. புதிய ஓமோன் அகப்பட்டதென மகிழ்ந்தவர், வேறு பொருள்களை ஏற்றியபோதும் அதே மாற்றங்கள் நிகழ்வதைக் கண்டு திகைத்தார். குளிரும் காயமும் மிகையுழைப்பும் கூட அவற்றையே விளைத்தன. எனவே, தாக்குவது எதுவாயினும் உடல் ஒரே வகையில் விடையிறுக்கின்றது எனத் துணிந்து, 1936ஆம் ஆண்டு யூலை மாதம் ‘நேச்சர்’ இதழில் ஒரு பக்கத்துள் அடங்கும் கடிதமொன்றை வெளியிட்டார். எச்சரிக்கை, எதிர்ப்பு, களைப்பு என்னும் மூன்று நிலைகளை உடல் கடக்கின்றது என்பது அவர் கொள்கை. இந்நிலைக்குப் பின்னர் அவர் வழங்கிய ‘ஸ்ரெஸ்’ என்னும் பெயர் உலகெங்கும் பரவியது. பௌதிகவியலில் ‘தகைப்பு’ என நாம் மாணவர்க்குக் கற்பிப்பதும் அதே சொல்லே. ஓரலகுப் பரப்பில் தாக்கும் விசை தகைப்பு. பொருளிலே விளையும் மாற்றம் விகாரம். தமது ஆங்கிலம் இன்னும் செம்மையாயிருந்திருப்பின் ‘விகாரம்’ என்பதற்குரிய சொல்லையே தேர்ந்திருப்பேன் என்று செலியே பிற்காலத்திற் கூறியதுண்டு.

செலியேயின் கொள்கையில் மனத்துக்கு உரிய இடம் இல்லை. அக்குறையை எடுத்துக் காட்டியவர் அமெரிக்கரான ஜோன் மேசன் ஆவர். பட்டினி கிடக்கும் குரங்கின் உடலில் நெருக்கீட்டு ஓமோன் மிகுவதாகக் கருதப்பட்டது. ஆயின், ஊட்டச்சத்தில்லாத, பழச்சுவை மட்டுமுள்ள உருண்டைகளைக் கொடுத்து, ஏனைய குரங்குகள் உண்பதைக் காணாதவாறு வைத்தபோது அவ்வாறு மிகவில்லை. பசியை விட, உணவு மறுக்கப்பட்டமை பற்றிய உணர்வே உடலை வருத்தியதென்பது இதனாற் பெறப்பட்டது. நிகழ்ச்சியை ஒருவன் எவ்வாறு மதிப்பிடுகின்றான் என்பதே முதன்மையானது என றிச்சட் லாசரசு 1966இல் வெளியிட்ட நூலும் வற்புறுத்தியது.

இனி, மேலோர் பற்றிய கொள்கைக்கு வருவோம். 1958ஆம் ஆண்டு ஜோசப் பிறேடி என்பவர் குரங்குகளை இணையிணையாக அமர்த்தி ஒரு சோதனை செய்தார். ஒரு குரங்கு நெம்புகோலை இடையறாது அழுத்தி மின்னதிர்ச்சியைத் தடுத்தல் வேண்டும். தவறின் இரண்டுக்கும் அதிர்ச்சி உண்டு. மற்றையது செயலற்று அமர்ந்திருந்தது. பொறுப்பு வகித்த குரங்கிற்கே குடற்புண் ஏற்பட்டது. ‘அதிகாரிக் குரங்கு’ என்னும் பெயர் உடனே பரவிற்று. முகாமையாளரும் மேலதிகாரிகளும் பிறர்பொருட்டு உடல்நலத்தைத் தியாகஞ் செய்பவர் என்னும் எண்ணம் வலுப்பெற்றது. ஆயின் அச்சோதனையிற் பெருங் குறையொன்று இருந்தது. நெம்புகோலை முன்னரே மிகவிரைவாக அழுத்திய குரங்குகளே ‘அதிகாரிகளாக’த் தெரிவு செய்யப்பட்டிருந்தன, திருவுளச்சீட்டு முறை கையாளப்படவில்லை.

சில ஆண்டுகளின் பின் ஜே வைஸ் என்பவர் எலிகளைக் கொண்டு இவ்வினாவை மீண்டும் ஆராய்ந்தார். இரண்டு எலிகள் ஒரேயளவான அதிர்ச்சியைப் பெற்றன. ஒன்று சக்கரத்தைத் திருப்பி அதனை நிறுத்தவல்லது; மற்றையதோ எதுவுஞ் செய்யவியலாதது. முடிவு முன்னையதற்கு நேர்மாறாயிற்று. செயலற்ற எலிக்கே இரைப்பைப் புண் மிகுந்தது. அதிர்ச்சி வருமுன் அறிவிப்பொலி கேட்ட எலிகளுக்கும் புண் குறைவாகவே இருந்தது. துன்பத்தின் அளவினும், அதன்மீது நமக்குள்ள ஆட்சியும் அதனை முன்னறியும் வாய்ப்புமே பெரியன என்பது இதன் பொருள்.

எலிக்குப் பொருந்துவது மனிதருக்கும் பொருந்துமோ என ஐயுறலாம். இலண்டன் மாநகரிலே 1967ஆம் ஆண்டு தொடங்கிய ஆராய்ச்சியொன்று இதற்கு விடை தந்தது. மைக்கேல் மாமற் முதலியோர் 17,530 ஆண் அரசாங்க ஊழியரின் தரவுகளை ஆராய்ந்து 1978இல் முடிவுகளை வெளியிட்டனர். கடைநிலைச் சிற்றூழியரிடையே முடியுரு நாடி இதயநோயால் விளைந்த மரணம், உச்சநிலை அதிகாரிகளிடையே விளைந்ததிலும் 3.6 மடங்காக இருந்தது. புகைபிடித்தல், குருதியமுக்கம் முதலியவற்றைக் கணக்கிற் கொண்ட பின்னரும் வேறுபாடு மறையவில்லை. இவர்களுள் எவரும் வறுமையால் வாடியவரல்லர். நிலையான வேதனம் பெற்றவர்களே. 1985இல் ஆண்கள், பெண்கள் என 10,308 பேரைக் கொண்டு தொடங்கிய இரண்டாவது ஆராய்ச்சியில், தம் வேலையைத் தாமே ஒழுங்குசெய்யும் உரிமை குறைந்தோருக்கு இதயநோய் மிகுதியென அறியப்பட்டது. ‘அதிகாரிக் குரங்கு’க் கதை இத்துடன் முடிவுற்றது எனலாம்.

இவ்வாராய்ச்சி வரலாற்றில் எச்சரிக்கைகளும் உள. குடற்புண் கவலையால் வருவதென்று நெடுங்காலம் நம்பப்பட்டது. அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் றொபின் வாரன், பரி மாசல் ஆகிய இருவரும் 1982இல் இரைப்பையில் வாழும் பற்றீரியா ஒன்றை வளர்த்துக் காட்டினர். மாசல் 1984இல் அதனைத் தாமே பருகி நோயுற்றார். இருவருக்கும் 2005இல் நொபெல் பரிசு கிடைத்தது. பல்லாண்டுகளாக ‘கவலையை விடு’ என்னும் அறிவுரையுடன் அனுப்பப்பட்ட நோயாளருக்கு வேண்டியிருந்தது மருந்தே. எனினும் நெருக்கீடு பொய்யாகிவிடவில்லை. 1991இல் வெளியான சோதனையொன்றில், 394 பேருக்குச் சளிக்காய்ச்சல் வைரசு வழங்கப்பட்டபோது, நெருக்கீடு மிக்கோரே கூடுதலாக நோயுற்றனர். கிருமியும் வேண்டும், கிருமிக்கு இடங்கொடுக்கும் உடலும் வேண்டும் என்பதே முடிபு.

மற்றுமொரு செய்தி வருந்தத்தக்கது. செலியேயின் ஆராய்ச்சிக்குப் புகையிலைக் கம்பனிகள் பணம் வழங்கியமை பிற்காலத்தில் வெளியான ஆவணங்களாற் புலனாயிற்று. 1969இல் கனடாப் பாராளுமன்றக் குழுவின்முன் அவர் புகைத்தலின் நன்மை குறித்துச் சான்று பகர்ந்தார். நோய்க்குக் காரணம் மனக்கவலையே என்றால் புகையிலை தப்பிவிடுமன்றோ! ஒரு கொள்கையை மதிப்பிடுமிடத்து அதனால் யார் பயனடைகின்றனர் என்று வினவுதலும் வரலாற்று மாணவனின் கடமையாகும்.

தொகுத்து நோக்குமிடத்து, உளநெருக்கீடு தனிமனிதனின் மனத்தளர்ச்சி மாத்திரமன்று. அவன் வைக்கப்பட்ட நிலையின் விளைவுமாகும். ஆகவே, வாடுபவனிடம் ‘மனத்தைத் திடப்படுத்து’ என்று கூறுவதோடு நம் கடமை முடிவதில்லை. ஆசிரியராகிய நமக்கும் இதிலொரு பாடம் உண்டு. வகுப்பறையில் நெம்புகோல் நம் கையிலேயே உள்ளது. பரீட்சை நாளை முன்னரே அறிவித்தல், விதிகளை நாளுக்கொன்றாக மாற்றாதிருத்தல், பிழையைத் திருத்த மாணவனுக்கு வாய்ப்பளித்தல் ஆகியன சிறு செயல்களே. ஆயினும் பொருட்செலவின்றி நாம் ஆற்றக்கூடிய உடல்நலப் பணி அவற்றினும் வேறில்லை.