ஆளவந்தார் தவறவிட்ட நாளும் மூளையலைக் கருவியும்

திருவரங்கத்தின் வரலாற்றை மன்னர்களின் கல்வெட்டுகளைக் கொண்டு எழுதுவோர் பலர். நாம் இம்முறை எடுத்துக்கொள்வது ஒரு மறதியின் வரலாறு. பின்பழகிய பெருமாள் ஜீயரின் ஆறாயிரப்படி குருபரம்பரா பிரபாவம் முதலான நூல்களில் வரும் செய்தி இது. வைணவ அன்பர்கள் பலரும் அறிந்ததுதான். ஆயினும் இன்று திருச்சியில் தம் பிள்ளையின் கவனக்குறைவுக்காக மருத்துவமனை வாயிலில் காத்திருக்கும் பெற்றோருக்கும் இச்செய்திக்கும் ஒரு தொடர்பு உண்டு. சற்றே நீண்ட வழி. வாசகர்கள் பொறுமையோடு உடன்வர வேண்டுகிறோம்.

நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தைத் தொகுத்த நாதமுனிகள் கி.பி. 9-10ஆம் நூற்றாண்டினர், காட்டுமன்னார்கோயில் எனப்படும் வீரநாராயணபுரத்தவர். அவரைப் பற்றிய கதைகளில் ஒன்று, பற்பல தாளங்களை ஒரே நேரத்தில் ஒலிக்கச் செய்து, ஒவ்வொன்றின் எடையையும் ஒலியைக் கொண்டே அவர் சொன்னார் என்பது. கதையை அப்படியே வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் கூர்ந்த கவனம் என்பதை நம் முன்னோர் எவ்வளவு பெரிய ஆற்றலாக மதித்தனர் என்பதற்கு அது சான்று.

நாதமுனிகளிடம் இரண்டு செல்வங்கள் இருந்தன. ஒன்று பிரபந்தம், மற்றொன்று யோகம். பிரபந்தத்தைப் பண்ணமைத்துத் தம் மருமக்களாகிய கீழையகத்தாழ்வானுக்கும் மேலையகத்தாழ்வானுக்கும் கற்பித்தார். யோகத்தை உய்யக்கொண்டாருக்கு அளிக்க முன்வந்தபோது அவர் மறுத்துவிட்டார். உலகம் துன்பத்தில் கிடக்கையில் தனக்கென ஓர் இன்பம் தேடுவது தகாது என்பது அவர் சொன்ன விடையின் கருத்து. ஆகவே யோகரகசியம் குருகைக் காவலப்பனிடம் சென்றது. நாதமுனிகளின் பேரர் ஆளவந்தார் அதைப் பின்னாளில் பெற்றுக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு.

மணக்கால் நம்பி நினைவூட்ட, ஆளவந்தார் காவலப்பனைத் தேடிச் சென்றார். யோகத்தில் இருப்பவரைக் கலைக்க விரும்பாமல் சுவருக்குப் பின்னால் நின்றார். காவலப்பனோ திரும்பிப் பாராமலே, சொட்டைக் குலத்தவர் எவரேனும் வந்திருக்கிறீரோ என்று கேட்டாராம். யோகத்தை உபதேசிப்பதற்கென ஒரு நாளையும் குறித்துக் கொடுத்தார். அது தாம் உடலை விடும் நாளுக்கு நெருங்கிய நாள்.

ஆளவந்தார் திருவரங்கம் திரும்பினார். அத்யயன உற்சவத்தில் திருவரங்கப் பெருமாள் அரையர், நம்மாழ்வார் திருவனந்தபுரத்தைப் பாடிய பதிகத்தை ஆளவந்தாரை நோக்கியபடியே சேவித்தார். அந்த இசையில் ஈடுபட்ட ஆளவந்தார் உடனே திருவனந்தபுரம் புறப்பட்டுவிட்டார். அங்கே ஒருநாள் ஓலையை எடுத்துப் பார்த்தால், காவலப்பன் குறித்த நாள் அதுவே! போய்ச் சேர வழியில்லை. யோகரகசியம் காவலப்பனோடு முடிந்தது.

இதைக் கவனச்சிதறல் என்று சொல்வதா, வேறொன்றில் குவிந்த பெருங்கவனம் என்று சொல்வதா? இன்றைய மனநல மருத்துவர்கள் கவனக்குறைவு மிகைச்செயல்பாடு என்றும் சுருக்கமாக ஏ.டி.எச்.டி. என்றும் வழங்கும் நிலையிலும் இக்கேள்வி எழுவதுண்டு. பாடப்புத்தகத்தின் முன் இரண்டு நிமிடம் அமர இயலாத பிள்ளை, தனக்குப் பிடித்த ஒன்றில் இரண்டு மணி நேரம் மூழ்கிக் கிடப்பான். கவனம் இல்லை என்பதைவிட, வேண்டிய இடத்துக்கு அதைத் திருப்பும் கடிவாளம் தளர்ந்திருக்கிறது என்பதே பொருத்தம். (ஆளவந்தாருக்கு நாம் நோய்ப்பெயர் சூட்டுவதாக எவரும் சினங்கொள்ள வேண்டா.)

முடிந்துபோன அந்த யோகம் 20ஆம் நூற்றாண்டில் எதிர்பாராத இடத்தில் தலைகாட்டியது. 1888இல் பிறந்த திருமலை கிருஷ்ணமாச்சாரியார் தம்மை நாதமுனிகளின் வழித்தோன்றலாகக் கருதியவர். பதினாறாம் வயதில் ஆழ்வார்திருநகரியில் யோகரகசியம் தமக்குக் காட்சியில் கிடைத்தது என்று சொன்னவர். அவர் தந்த நூல் நாதமுனிகளுடையதுதானா என்பதில் ஆய்வாளர்களுக்கு ஐயம் உண்டு, நமக்கும் உண்டு. ஆனால் மறுக்க முடியாத செய்தி ஒன்று: நம் நாட்டின் யோகிகளுள் அறிவியல் கருவிகளின் முன் முதலில் அமர்ந்தோரில் அவரும் ஒருவர். 1935இல் பிரெஞ்சு இதய மருத்துவர் தெரேஸ் ப்ரோஸ் இதயமின்பதிவுக் கருவியோடு இந்தியா வந்து அவரை ஆராய்ந்தார். 1957இல் அமெரிக்காவிலிருந்து வெங்கரும் பாக்சியும் வந்தபோது சென்னையில் மீண்டும் அவர் ஆராயப்பட்டார். யோகியால் இதயத்தை நிறுத்த முடியுமா என்பது கேள்வி. நாடித்துடிப்பு கைக்கு எட்டாமல் போயிற்று. இதயத்தின் மின்துடிப்போ நிற்கவில்லை என்று கருவி காட்டிற்று. மூச்சை அடக்கி மார்புத் தசைகளை இறுக்குவதால் விளைவது அது. இந்தப் பாக்சி, இளமையில் தீரானந்தர் என்ற பெயரில் துறவியாகப் பரமஹம்ச யோகானந்தரோடு இருந்தவர் என்பது சுவையான துணைச்செய்தி.

மூளையலைகளின் கதைக்கு வருவோம். மண்டையோட்டின் மீது மின்முனைகளைப் பொருத்தி மூளையின் மின்னலைகளைப் பதியலாம் என்பதை 1924இல் கண்டு 1929இல் வெளியிட்டவர் ஜெர்மனியின் ஹான்ஸ் பெர்கர். 1961இல் தில்லியின் அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் ஆனந்த், சின்னா, பல்தேவ் சிங் ஆகிய மூவர் யோகிகளின் மூளையலைகளைப் பதிந்தனர். கண்ணில் ஒளி பாய்ச்சினாலும் அருகில் பேரொலி எழுப்பினாலும், தியானத்தில் இருந்தவர்களின் ஆல்பா அலைகள் குலையவில்லை. வேறு இருவர் குளிர்நீரில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் கையை வைத்திருந்தும் ஆல்பா நீடித்தது.

அமெரிக்காவில் ஜோ காமியா 1958 முதல் வேறொரு வழியில் முயன்றுகொண்டிருந்தார். தன் மூளையில் ஆல்பா ஓடுகிறதா இல்லையா என்று அமர்ந்திருப்பவரையே ஊகிக்கச் சொன்னார். சரியா தவறா என்று உடனுக்குடன் தெரிவித்தார். சில நாள்களில் பலரும் சரியாகச் சொல்லத் தொடங்கினர். அலையை வேண்டியபோது வருவிக்கவும் கற்றனர். தம் மூளையின் செய்தியைத் தாமே கேட்டுத் திருத்திக்கொள்ளும் இம்முறையே நியூரோஃபீட்பேக். 1960களின் இறுதியில் பேரி ஸ்டெர்மன் பூனைகளுக்கு 12 முதல் 15 ஹெர்ட்ஸ் அலையைப் பெருக்கப் பயிற்சி அளித்தார். அப்பூனைகள் வலிப்பூட்டும் வேதிப்பொருளைப் பிறவற்றைவிடக் கூடுதலாகத் தாங்கின. 1976இல் ஜோயல் லூபரும் மார்கரெட் ஷவுஸும் இம்முறையைத் துறுதுறுப்பு மிகுந்த ஒரு சிறுவனிடம் செய்து பார்த்தனர். குழந்தைகளுக்கான சிகிச்சை அங்கே தொடங்கியது.

நடைமுறை எளிது. பிள்ளையின் தலையில் மின்முனைகள். எதிரே கணினித் திரையில் ஒரு விளையாட்டு. மெதுவான தீட்டா அலை குறைந்து விரைவான பீட்டா அலை கூடினால் திரையில் வண்டி ஓடும், இல்லையேல் நின்றுவிடும். முப்பது, நாற்பது அமர்வுகள். மருந்தில்லை, ஊசியில்லை. போதாக்குறைக்கு, ‘நம் யோகிகள் அன்றே கண்டது’ என்ற பெருமிதமும் சேர்ந்துகொள்கிறது. எந்தப் பெற்றோருக்குத்தான் ஆசை வராது?

ஆனால் கருவி கிருஷ்ணமாச்சாரியாரிடம் காட்டிய கறாரை இங்கும் காட்டிவிட்டது. அமெரிக்காவில் 7 முதல் 10 வயதுவரையான 144 குழந்தைகளிடம் நடந்து, 2021இல் வெளியான ஆய்வில் ஒரு பிரிவினருக்கு உண்மைப் பயிற்சி அளிக்கப்பட்டது. மற்றப் பிரிவினருக்கு முன்பே பதிந்து வைத்த வேறொருவரின் மூளையலையைக் கொண்டு விளையாட்டை ஓட்டினர். எவருக்கு எது என்று குழந்தைக்கோ பெற்றோருக்கோ பயிற்றுநருக்கோ தெரியாது. இரு பிரிவினரும் கணிசமாக முன்னேறினர். இரு பிரிவுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை! 2024 இறுதியில் 38 ஆய்வுகளை ஒருசேர எடைபோட்ட மற்றொரு கட்டுரையும், எவருக்கு எந்தச் சிகிச்சை என்று அறியாதார் அளித்த மதிப்பீடுகளை மட்டும் கொண்டால், பொருட்படுத்தத்தக்க பயன் தெரியவில்லை என்றே முடித்தது.

அப்படியானால் போலிப் பயிற்சி பெற்ற குழந்தைகள் முன்னேறியது எதனால்? எதிர்பார்ப்பின் வலிமை, வயதின் வளர்ச்சி என்று பல காரணங்கள் கூறலாம். நம் மனத்தில் படுவது வேறொன்றும் உண்டு. குறித்த நேரத்தில் வந்து, ஒருவர் அருகிருந்து ஊக்க, ஒரே செயலை மீளமீளச் செய்தது இரு பிரிவுக்கும் பொது. நிறுவப்பட்ட முடிவாக இதை நாம் சொல்லவில்லை. ஆனால் திருவரங்கத்தில் உயிரோடு நீடித்தது தனியொருவர் சுவரோரம் அமர்ந்து செய்த யோகம் அன்று. ஒருவர் சொல்லப் பலர் திருப்பிச் சொல்லும் பிரபந்த சேவை. பகல்பத்தும் இராப்பத்தும் இன்றும் நடக்கின்றன, அரையர் இன்றும் பாடுகிறார். அடுத்தவர் குரல் நம் கவனத்தைப் பிடித்து நிறுத்தும் ஏற்பாடு அது.

பழம்பெருமை பேசி நிறுத்தினால் அது நேர்மையாகாது. 1907இல் சென்னை விக்டோரியா அரங்கில் நூறு செய்திகளில் ஒருசேரக் கவனம் வைத்துச் சதாவதானி என்று பெயர் பெற்றார் செய்குத்தம்பிப் பாவலர். அவதானம் என்ற சொல்லுக்கே கவனம் என்பதுதான் பொருள். அத்தகையோர் பெயர்களே நூல்களில் நிற்கின்றன. திண்ணைப் பள்ளியில் அமர இயலாமல் துள்ளிய பிள்ளையின் பெயர் எந்தக் குருபரம்பரையிலும் இல்லை. அவனுக்குக் கிடைத்தது கோதண்டம்: கைகளைக் கயிற்றில் பிணைத்து விட்டத்திலிருந்து தொங்கவிடும் தண்டனை. படிப்பு வரவில்லை என்று அவனை மாடு மேய்க்க அனுப்பியிருப்பார்கள். அவனுக்கு இருந்தது குறும்பு அன்று, மூளையின் ஓர் இயல்பு என்று சொல்ல 20ஆம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது. இன்றும் நம் வகுப்பறைகளில் கோதண்டம் வாய்ச்சொல்லாக உருமாறி இருப்பதை ஆசிரியத் தொழிலில் இருக்கும் நாம் அறிவோம்.

திருச்சியில் இச்சிகிச்சை குறித்து எண்ணும் பெற்றோர் பணம் கட்டுமுன், குழந்தை மனநல மருத்துவர் ஒருவரிடம் பிள்ளையை முறையாகக் காட்டுவது நன்று. 1944இல் உருவாக்கப்பட்ட மெத்தில்ஃபெனிடேட் மருந்தைப் பற்றிப் பெற்றோருக்குள்ள அச்சங்களையும் அங்கேயே கேட்டுத் தெளியலாம். பெற்றோருக்கு அளிக்கப்படும் நடத்தைப் பயிற்சிக்கும், ஆசிரியரோடு பேசி வகுப்பில் செய்துகொள்ளும் சிறு மாற்றங்களுக்கும் கருவி எதுவும் தேவையில்லை. அதன் பின்னும் நியூரோஃபீட்பேக் செய்ய விரும்பினால் தடையில்லை. ஆனால் அதற்காக மருந்தை நிறுத்தச் சொல்பவர் எவராயினும், நாதமுனிகளின் பெயரையே சொன்னாலும், எழுந்து வந்துவிடலாம்.