‘அன்லிமிடெட்’ யாருக்கு? வீட்டு இணையத்தின் டேட்டா வரம்பும் சட்டமும்

வீட்டு இணையத் திட்டங்களின் விளம்பரத்தில் ‘அன்லிமிடெட்’ என்ற சொல் பெரிய எழுத்தில் நிற்கும். அதற்கான வரம்பு விதிமுறைப் பகுதியின் சிறிய எழுத்தில் ஒளிந்திருக்கும். அந்த வரம்புக்கு ‘நியாயமான பயன்பாட்டுக் கொள்கை’ என்று பெயர். யாருக்கு நியாயம் என்பதே எங்கள் கேள்வி.

2005இல் பிஎஸ்என்எல் டேட்டாஒன் தொடங்கிய காலத்தில், வரம்பைத் தாண்டினால் மெகாபைட் கணக்கில் கூடுதல் கட்டணம் பில்லில் ஏறியது. பின்னர் கட்டணத்துக்குப் பதிலாக வேகத்தைக் குறைக்கும் முறை பரவியது; பழைய வேகம் வேண்டுமென்றால் டாப்-அப் வாங்க வேண்டும். 2020இல் ஜியோ, ஏர்டெல், பிஎஸ்என்எல் மூன்றும் மாதம் 3,300 ஜிபி என்ற வரம்பில் வந்து நின்றன. அவ்வாண்டு அக்டோபரில் பிஎஸ்என்எல் அறிமுகப்படுத்திய 449 ரூபாய்த் திட்டத்தில் அந்த வரம்பு வரை விநாடிக்கு 30 மெகாபிட் வேகம். அதன்பின் 2 மெகாபிட். 3,300 ஜிபி என்பது நாளொன்றுக்கு 110 ஜிபி. சாதாரணக் குடும்பம் எளிதில் தொடக்கூடிய அளவன்று. ஃபைபர் வந்துவிட்ட வீட்டுக்கு வரம்பு பெயரளவில்தான்.

ஃபைபர் வராத வீட்டின் கதை வேறு. திருச்சி எடமலைப்பட்டி புதூரில் வாடகைக்குக் குடியிருக்கும் தினக்கூலிக் குடும்பம் ஒன்றில் ஒரு கல்லூரி மாணவி இருப்பதாகக் கொள்வோம். 449 ரூபாயுடன் 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ந்தால் ஏறத்தாழ 530. வீட்டு உரிமையாளரின் சம்மதமும் வேண்டும்; வாடகைக்கு விடவே சாதி கேட்கும் சமூகத்தில், சுவரில் துளையிடக் கேட்பது சிறிய காரியமன்று. ஆகவே அவ்வீட்டின் இணையம் என்பது தந்தையின் கைப்பேசி. அதில் நாளுக்கு 1.5 அல்லது 2 ஜிபி. அது தீர்ந்தால் வேகம் விநாடிக்கு 64 கிலோபிட்டாகச் சரியும். அவ்வேகத்தில் 5 எம்பி பாடக்கோப்பு இறங்கப் பத்து நிமிடங்களுக்கு மேலாகும். பட்டியல் சமூக மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு இணையத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பதை நினைவில் கொள்க.

விலையையும் பாருங்கள். 2024 ஜூலை கட்டண உயர்வுக்குப் பின் ஜியோவின் 349 ரூபாய்த் திட்டம் 28 நாட்களுக்கு நாளுக்கு 2 ஜிபி தந்தது. முழுதும் பயன்படுத்தினாலும் ஜிபிக்கு ஆறு ரூபாய்க்கு மேல். மேற்சொன்ன 449 ரூபாய்த் திட்டத்தை முழுதும் பயன்படுத்தினால் ஜிபிக்கு 14 காசு.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2016 அக்டோபர் 31 அன்று பிறப்பித்த உத்தரவில், வரம்பு முடிந்தபின்னும் வேகம் 512 கிலோபிட்டுக்குக் கீழே செல்லக் கூடாது என்றது. 50, 90, 100 விழுக்காடு பயன்பாட்டில் வாடிக்கையாளருக்குத் தகவல் தரவும் பணித்தது. ஆனால் அந்த 512 என்ற தரை வீட்டு நிலை இணைப்புக்கு மட்டுமே. கைப்பேசியையே வீட்டு இணையமாகக் கொண்டவர்களுக்கு அது இல்லை. அலைக்கற்றை பலர் பகிர்வது, அதனால் வரம்பு தேவை என்பது நிறுவனங்களின் வாதம். வரம்புக்கு அது காரணமாகலாம். 64 கிலோபிட்டுக்கு ஆகாது.

2019இல் ஃபஹீமா ஷிரின் வழக்கில் கேரள உயர் நீதிமன்றம் இணைய அணுகலைக் கல்வியுரிமை, அந்தரங்க உரிமை ஆகியவற்றின் பகுதியாகக் கண்டது. 2025 ஏப்ரல் 30 அன்று பிரக்யா பிரசூன் வழக்கில் உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் அணுகல் உறுப்பு 21இல் அடங்கும் என்றது. இரண்டும் கட்டணத் திட்டங்களைப் பற்றிய வழக்குகள் அல்ல. எனினும் கைப்பேசிக்கும் குறைந்தபட்ச வேகம் விதிக்குமாறு டிராயிடம் கோர இவை வலுவான அடிப்படை என்பது எங்கள் கருத்து.

அதுவரை தனிநபர் வழக்கு உண்டு. தொலைத்தொடர்புப் புகார்களை நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாம் என்று 2022 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் வோடஃபோன் ஐடியா வழக்கில் உறுதிசெய்தது. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, இரண்டாண்டுகளுக்குள் முறையிடலாம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமில்லை. 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் பிரிவு 12, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு வருமானம் பாராது இலவச வழக்கறிஞரை உறுதிசெய்கிறது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பித்தால் போதும். விளம்பரத்தின் படம், பில், நிறுவனம் தந்த புகார் எண், தேதியுடன் கூடிய வேகச் சோதனையின் திரைப்பிடிப்பு ஆகியவற்றை முதல் நாளிலிருந்தே சேர்த்து வையுங்கள்.