முட்டை அட்டையில் உருளைக்கிழங்கு



போன வாரம் இங்கிலாந்தில் இருக்கும் நம் பழைய மாணவி ஒருத்தி வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினாள். சன்னலோரம் காலியான முட்டை அட்டை. ஒவ்வொரு குழியிலும் முட்டைக்குப் பதில் ஓர் உருளைக்கிழங்கு நிற்கிறது. கண்ணாடிக்கு வெளியே தோட்டமெல்லாம் வெள்ளையாக உறைபனி. "டீச்சர், இது எதுக்குன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்று கீழே ஒரு கேள்வி. இத்தனை வருடம் நான் கேட்டேன், இப்போது என் முறை போலிருக்கிறது.

அவளுக்கு இரண்டு வரியில் பதில் போட்டுவிட்டேன். ஆனால் அந்தக் கிழங்குக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. அதன் ஒரு நுனி நம் குடும்பத்தையும் வந்து தொடுகிறது. பதிவு நீளம். அவசரமாக இருப்பவர்கள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு படியுங்கள்.

முதலில் கிழங்கு. நமக்குப் பட்டம் என்றால் மழைக் கணக்கு. ஆடியில் விதை, தையில் விதை என்று ஈரத்தைப் பார்த்துச் சொன்னார்கள். அங்கே ஈரத்துக்குக் குறைவில்லை, சூட்டுக்குத்தான் பஞ்சம். மண் சில்லென்று இருக்கும்போது விதையைப் போட்டால் முளைக்காமல் அழுகிவிடும். தென் இங்கிலாந்திலேயே மே மாதம் பாதிவரை உறைபனி விழ வாய்ப்பு உண்டு. அதற்காகச் சும்மா இருந்துவிட முடியாது. குளிருக்கு முன்னேயே மண்ணைப் புரட்டிக் கட்டி கட்டியாக அப்படியே விடுவார்கள். கட்டிக்குள் இருக்கும் தண்ணீர் உறைந்து விரிந்து, கட்டியைத் தானே பொடியாக்கிவிடும். நம் ஊரில் கோடை உழவுக்கு வெயில் செய்கிற வேலையை அங்கே பனி செய்கிறது. பிப்ரவரியில் விதைக்கிழங்கை, கண்கள் அதிகம் உள்ள முனை மேலே இருக்கும்படி, வெளிச்சம் படுகிற, பனி படாத இடத்தில் நிறுத்துவார்கள். இருட்டில் வைத்தால் நீளமாக வெளுத்துப்போன முளை வரும், தொட்டால் ஒடியும். வெளிச்சத்தில் வந்தால் குட்டையாக, கெட்டியாக இருக்கும். புனித வெள்ளி வாக்கில் நடுவது அவர்கள் பழைய வழக்கம். ஊட்டிப் பக்கம் உருளை போடுகிறவர்களுக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது.

இந்தச் சின்ன வேலையை, மண்ணையே தொட்டிராத லட்சக்கணக்கான நகரத்துக் குடும்பங்களுக்கு ஓர் அரசாங்கம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தது. ஆண்டு 1939.

அன்றைய பிரிட்டனின் உணவில் பாதிக்கும் மேல் கப்பலில் வந்தது. செப்டம்பர் 3-இல் போர் அறிவித்தார்கள். ஜெர்மன் நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடிக்க ஆரம்பித்தன. அக்டோபரில் விவசாய அமைச்சர் ரெஜினால்ட் டோர்மன்-ஸ்மித் வானொலியில் பேசினார். (இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் கேட்பேன்.) உள்ளாட்சிகள் குறைந்த வாடகைக்கு மக்களுக்குக் கொடுக்கும் காய்கறித் துண்டு நிலங்களுக்கு அங்கே 'அலாட்மென்ட்' என்று பெயர். அப்படி இன்னும் 5 லட்சம் துண்டுகள் ஒழுங்காகப் பயிர் செய்யப்பட்டால், மேலும் 10 லட்சம் பெரியவர்களுக்கும் 15 லட்சம் குழந்தைகளுக்கும் வருடத்தில் 8 மாதம் உருளையும் காய்கறியும் கிடைக்கும் என்பது அவர் கணக்கு. 'வெற்றிக்காகத் தோண்டு' என்ற முழக்கம் அப்போது பிறந்தது.

முழக்கத்தைவிட வெங்காயம் நன்றாகப் பாடம் நடத்தியது என்று நினைக்கிறேன். பிரான்சின் பிரிட்டனி கரையிலிருந்து வியாபாரிகள் வெங்காயச் சரங்களைச் சைக்கிளில் மாலை மாலையாகத் தொங்கவிட்டு இங்கிலாந்துத் தெருக்களில் விற்றுக்கொண்டிருந்தார்கள். 1940 கோடையில் பிரிட்டனி ஜெர்மனியின் கைக்குப் போனது. வெங்காயம் காணாமல் போனது. 1941-இல் லண்டன் டைம்ஸ் பத்திரிகை ஊழியர்கள் ஒரே ஒரு வெங்காயத்தைக் குலுக்கலில் விட, நான்கு பவுண்டுக்கு மேல் வசூலானது! அதற்குப் பிறகு யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, பூச்செடியைப் பிடுங்கிவிட்டு வெங்காயம் போட்டார்கள். பூங்காக்கள், ரயில் பாதை ஓரங்கள், குண்டு விழுந்து இடிந்த மனைகள், எல்லாம் பாத்தியாயின. இப்போது கோகினூர் வைரம் இருக்கிறதே, டவர் ஆஃப் லண்டன், அந்தக் கோட்டையின் அகழியிலும் காய்கறி போட்டார்கள். 1941 முதல் கோடையில் கடிகாரத்தை இரண்டு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்ததால், வேலை முடிந்து வந்த பிறகும் மண்வெட்டி பிடிக்க வெளிச்சம் இருந்தது.

ஆனால் முதலில் தப்பு நடந்தது. எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

மக்கள் வசந்தத்தில் உற்சாகமாக விதைத்தார்கள். கீரை, பட்டாணி, பீன்ஸ் என்று கோடையில் காய்க்கிறதையே விதைத்தார்கள். ஆகஸ்டில் எல்லார் வீட்டிலும் ஒரே நேரத்தில் காய்த்துக் குவிந்து, பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கப் போனால் அவர்களும் கொடுக்க வந்துகொண்டிருந்தார்கள். குளிர்காலத்தில் பாத்தி வெறுமை. பசி வந்தது அப்போதுதான். அதனால் விவசாய அமைச்சகத்தின் முதல் துண்டுப் பிரசுரமே, கோடைக்கு மட்டுமல்ல குளிர்காலத்துக்கும் பயிரிடு என்று ஆரம்பித்தது. அதில் 90 அடிக்கு 30 அடி நிலம், நம் கணக்கில் ஆறு சென்டுக்குக் கொஞ்சம் மேல், அதற்கு ஒரு வரைபடம். மூன்று பகுதியாகப் பிரித்து, ஒன்றில் உருளை, ஒன்றில் முட்டைக்கோஸ் வகைகள், ஒன்றில் வெங்காயமும் பட்டாணி பீன்ஸும். அடுத்த வருடம் இடம் மாற்று. பக்கத்தில் ஒரு அட்டவணை: எதை எந்த மாதம் விதைப்பது, எத்தனை அங்குலம் இடைவெளி, எந்த மாதம் சாப்பிடலாம்.

கடைசிக் கட்டத்தைக் கவனியுங்கள். எந்த மாதம் சாப்பிடலாம். மார்ச், ஏப்ரலில் விதைத்தால்தான் லீக்ஸும் முளைக்கோஸும் பார்ஸ்னிப் கிழங்கும் டிசம்பரிலும் ஜனவரியிலும் கைக்கு வரும். பனியில் நின்று தாங்குகிற பயிர்கள் அவை. அதாவது வசந்தத்துக்குத் தயாராகிறவன் அடுத்த வருடப் பிப்ரவரியில் தன் அடுப்பில் என்ன கொதிக்கும் என்று இந்தப் பிப்ரவரியிலேயே யோசிக்க வேண்டும். பசியாக இருக்கும்போது விதைக்க யோசித்தால் ஒரு வருடம் தாமதம். பழக்கமில்லாத ஒருவனுக்கு இது தானாகத் தோன்றாது. யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும்.

சொல்லிக்கொடுக்க ஒரு வாத்தியார் கிடைத்தார். மிடில்டன் என்பவர். பிரபு வீட்டுத் தலைமைத் தோட்டக்காரரின் மகன். சர்ரே மாவட்டத்தில் தோட்டக்கலை கற்பித்தவர். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் இரண்டேகால் மணிக்கு பிபிசி வானொலியில் பேசுவார். 35 லட்சம் பேர் கேட்டார்கள் என்கிறார்கள். அவர் மனசு பூக்களில்தான், போருக்காகக் காய்கறிக்கு மாறினார். அதிகாரக் குரல் கிடையாது. வேலிக்கு மேலே தலையை நீட்டி அடுத்த வீட்டுக்காரர் பேசுவதுபோல் இந்த வாரம் இதைச் செய்யுங்கள், இதை இன்னும் செய்யாதீர்கள், மண் ஈரமாகக் காலில் ஒட்டுகிறதா, அப்படியானால் உள்ளே போய் டீ குடியுங்கள் என்ற தோரணை. 1945 செப்டம்பரில், போர் முடிந்த கொஞ்ச நாளில், இறந்துபோனார்.

1939-இல் 8 லட்சம் சொச்சமாக இருந்த அலாட்மென்ட் துண்டுகள் 1943-இல் 14 லட்சத்தை எட்டின. வீட்டுத் தோட்டங்களையும் சேர்த்து வருடத்துக்கு 10 லட்சம் டன்னுக்கு மேல் காய்கறி வந்ததாகச் சொல்கிறார்கள். இதை வைத்து, கொல்லைப்புறத்தால்தான் பிரிட்டன் பிழைத்தது என்று சிலர் எழுதுகிறார்கள், அது மிகை. கோதுமையும் இறைச்சியும் கடைசிவரை பெரிய பண்ணைகளிலிருந்தும் கப்பல்களிலிருந்தும்தான் வந்தன. ஆனால் காய்கறி ரேஷனில் வராத உணவு. தட்டில் மிச்சம் இருந்த பள்ளத்தை அது நிரப்பியது.

இங்கே என் சொந்தக் கதை ஒன்று. நான் வேலை பார்த்த பள்ளி ஒன்றில் ஒரு வருடம் காய்கறித் தோட்டம் போடச் சொல்லி மேலிருந்து கடிதமும் விதைப் பொட்டலங்களும் வந்தன. வந்தது முழு ஆண்டுத் தேர்வு சமயம். அடுத்து கோடை விடுமுறை. கிணறு வற்றிக் கிடக்கிறது. பொட்டலத்தில் காயின் படம் இருந்தது, எந்தப் பட்டம், எவ்வளவு இடைவெளி, ஒன்றும் இல்லை. தலைமையாசிரியர் பீரோவில் வைத்துப் பூட்டினார். ஆடியில் திறந்தபோது பாதி பூச்சி அரித்திருந்தது. 'தோட்டம் அமைக்கப்பட்டது' என்று அறிக்கை எழுதியதில் என் கையெழுத்தும் இருக்கிறது. அதனால்தான் அந்த அட்டவணையின் கடைசிக் கட்டத்தை இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது டோர்மன்-ஸ்மித்துக்கு வருவோம். 1940 மே மாதம் அமைச்சர் பதவி போனது. அடுத்த வருடம் அவரை ஓர் ஊருக்குக் கவர்னராக அனுப்பினார்கள். எந்த ஊர் தெரியுமா? பர்மா.

உறவுக்காரர்களுக்கு இப்போது புரிந்திருக்கும். நம் பெரிய தாத்தா ரங்கூனில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தது அந்தக் கவர்னர் காலத்தில்தான். 1942 மார்ச் 8-இல் ரங்கூன் ஜப்பானியரிடம் விழுந்தது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள், அவர்களில் தமிழர் ஏராளம், காட்டு வழியாக இந்தியாவுக்குக் கிளம்பினார்கள். பல்லாயிரம் பேர் காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் வழியிலேயே போனார்கள். வெள்ளைக்காரருக்கு ஒரு வழி, நமக்கு ஒரு வழி என்ற புகார் அப்போதே எழுந்தது. கவர்னர் மே மாதத் தொடக்கத்தில், மேலிடத்து உத்தரவுப்படி, மிச்சினாவிலிருந்து விமானத்தில் வெளியேறினார். பெரிய தாத்தா தமு வழியாக மணிப்பூருக்கு நடந்தார். அந்த நடையைப் பற்றி அவர் வாய் திறந்து நான் கேட்டதில்லை. 'தமு' என்ற பெயரை மட்டும் சொல்வார், பிறகு வெற்றிலைப் பெட்டியைத் தேடுவார்.

பர்மா போனதோடு பர்மா அரிசியும் போனது. சென்னை மாகாணம், திருவிதாங்கூர், வங்காளம், இலங்கை, எல்லாமே அந்த அரிசியைக் கொஞ்சமோ நிறையவோ நம்பியிருந்தன. 1943 தொடக்கத்தில் இந்தியப் பெருங்கடலுக்கு ஒதுக்கிய கப்பல்களையும் லண்டன் குறைத்தது. அந்த வருடம் தொடங்கிய வங்காளப் பஞ்சத்தில் 20 முதல் 30 லட்சம் பேர் செத்தார்கள் என்பது கணிப்பு. பர்மா அரிசி நின்றது மட்டும் காரணமல்ல. பதுக்கல், விலையேற்றம், அரசின் அலட்சியம், படகுகளைப் பிடுங்கிக்கொண்டது எல்லாம் சேர்ந்தன. ஆனால் மிடில்டன் ஞாயிற்றுக்கிழமை லீக்ஸ் நாற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த அதே மாதங்கள் அவை. வகுப்பில் இரண்டாம் உலகப் போர் நடத்தும்போது இந்த இரண்டையும் ஒரே கரும்பலகையில் நான் எழுதியதில்லை. ஹிட்லர், முசோலினி, ஆண்டுகள், ஒப்பந்தங்கள், முடிந்தது பாடம். அதற்கு வருத்தப்படுகிறேன்.

முழக்கம் இங்கேயும் வந்தது. 1942-இல் 'அதிக உணவு விளைவிப்போம்' இயக்கம். சுதந்திரத்துக்குப் பிறகும் தொடர்ந்தது. பணம் செலவானது, விளைச்சல் எதிர்பார்த்தபடி ஏறவில்லை. ஏன் என்று விசாரிக்க ஒரு குழு போட்டார்கள். தலைவர் வி.டி. கிருஷ்ணமாச்சாரி, நம் கரூர் பக்கத்து வாங்கல்காரர். 1952-இல் அறிக்கை வந்தது. கிராமத்துக்காரனின் கஷ்டங்கள் ஒன்றோடொன்று பின்னியவை, தனித்தனியாக விதையையும் உரத்தையும் அனுப்பித் தீராது, கிராமம்வரை போய்ச் சொல்லிக்கொடுக்க நிரந்தரமாக ஆள் வேண்டும் என்றது. 1953 அக்டோபர் 2-இல் தேசிய விரிவாக்கப் பணி தொடங்கியது. சைக்கிளில் வந்து திண்ணையில் உட்கார்ந்த கிராம சேவக்கை உங்கள் தாத்தா பாட்டிகளுக்கு நினைவிருக்கும், கேட்டுப் பாருங்கள்.

படம் அனுப்பிய பெண்ணே, உனக்கு. கிழங்கு நன்றாகத்தான் இருக்கிறது, இடது ஓரத்தில் இரண்டு மட்டும் தலைகீழாக நிற்கிறது, திருப்பி வை. புனித வெள்ளி வருகிறதே என்று அவசரப்படாதே, மண் காலில் ஒட்டினால் ஒரு வாரம் பொறு. வரிசைக்கு வரிசை இரண்டடியாவது விடு. அப்படியே ஒரு ஓரத்தில் லீக்ஸ் விதையும் தூவிவிடு. டிசம்பரில் எனக்குப் படம் வர வேண்டும்.