நந்தவனப்புறம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் வடபத்ரசாயி சந்நிதிக்கும் ஆண்டாள் கோயிலுக்கும் நடுவே ஒரு நந்தவனம் இருக்கிறது. துளசிச் செடியடியில் பெரியாழ்வார் ஆண்டாளைக் கண்டெடுத்த இடம் என்பார்கள். அரசு முத்திரையில் உள்ள 11 நிலைக் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிற பலர், இந்தத் தோட்டத்தை எட்டிப் பார்க்காமலே பஸ் ஏறுவதில் எனக்கு வருத்தம் உண்டு.

நந்தவனம் என்ற சொல் வடமொழி. நந்தனம் இந்திரனுடைய தோட்டம். பூவும் மரமும் செறிந்த இடத்துக்குத் தமிழில் சொல் பஞ்சமில்லை: கா, பொழில், சோலை, தண்டலை, வீட்டை ஒட்டியது படப்பை. அத்தனைக்கும் நடுவே இந்தச் சொல் வேர்பிடித்தது, அது குறித்த பொருள் வேறு என்பதால். பொழிலில் பூத்ததை யாரும் பறித்துச் சூடலாம். நந்தவனத்துப் பூ மொட்டிலேயே சாமிக்கு என்றாகிவிடும்.

இதற்கு மூத்த உறவொன்று கடற்கரையில் இருந்தது. மணிமேகலையின் கண்ணீர் பட்டு, தொடுத்த மாலை தூய்மை கெட்டதும், புதுப்பூப் பறித்துவரச் சொல்கிறாள் மாதவி. துணைக்குச் சுதமதியும் கிளம்ப, இருவரும் போவது புகார் நகரத்து உவவனத்துக்கு. உபவனம்தான் அப்படித் திரிந்தது. புகாரைக் கடல்கொண்ட கதையையும் மணிமேகலைக் காப்பியமே சொல்கிறது. உவவனம் என்ற சொல்லும் வழக்கிலிருந்து போயிற்று.

நந்தவனம் நிலைத்தது. கல்வெட்டுகளில் அது திருநந்தவனம், அதில் பறித்த பூ திருப்பள்ளித்தாமம், பாடுபட்டவர்கள் நந்தவனக்குடிகள். செடிக்குத் தண்ணீர் இறைக்க ஆள் வேண்டும், ஆளுக்குச் சோறும் துணியும் வேண்டும். அதற்கென்று எழுதிவைத்த விளைநிலம் திருநந்தவனப்புறம். திருவிளக்குப்புறம், மடப்புறம் எல்லாம் இதே வரிசை. எனக்கு இந்தப் ‘புறம்’தான் பெரிதாகப் படுகிறது. உடையவன் பெயரை விட்டுவிட்டு, நடக்கவேண்டிய காரியத்தின் பெயரை நிலத்துக்கு வைத்தார்கள். அதைக் கோயில் சுவரில், ஊரறிய வெட்டினார்கள். பிற்கால வருவாய்க் கணக்கில் ஏறிய புறம்போக்கும் பொது நிலம்தான். அதை வசையாக்கியது நாம்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிழக்கே சுமார் 20 கிலோமீட்டரில் சிவகாசி. அங்கே பூப்பது புஸ்வாணம். அந்த ‘வாணம்’ அம்பைக் குறிக்கும் பாணத்திலிருந்து வந்தது, வனத்தோடு உறவில்லை. மழை குறைந்த கரிசல் பூமி என்பதால்தான் அங்கே தீப்பெட்டியும் வெடியும் தழைத்தன. இப்படிப்பட்ட சீமையில் ஒரு பூந்தோட்டம் காயாமல் இருக்க, பக்தி மட்டும் போதாது. வயலின் விளைச்சலும் வேண்டும்.

ஆண்டாள் கையில் உள்ள கிளியை நாள்தோறும் புதிதாகக் கட்டுகிறார்கள். மரவள்ளி இலையில் உடல், மாதுளம்பூவில் மூக்கு, காக்காப்பொன்னில் கண், கட்டுவதற்கு வாழைநார். சாத்திய கிளி பிறகு பக்தர் ஒருவர் கைக்கு வந்துசேரும்.

சாமிக்கென்று வைத்ததை முதலில் சூடிப் பார்த்தவள் தோட்டம் போட்ட பெரியாழ்வாரின் மகளேதான். அவள் சூடிக்களைந்த மாலை இன்றும் புரட்டாசியில் திருப்பதிக்கும், சித்திரையில் மதுரைக்கு வரும் அழகருக்கும் போகிறது.