அவசரம் போட்ட விலை: ஐஸ் ஹொக்கியும் இளம் கோல்காப்பாளர்களும்

1964 ஜூன் மாதம் வட அமெரிக்க ஐஸ் ஹொக்கியில் ஒரு சின்னக் கொடுக்கல் வாங்கல் நடந்தது. பொஸ்டன் ப்ரூயின்ஸ் அணி, அந்த மாதம்தான் தெரிவுசெய்திருந்த 16 வயதுக் கோல்காப்பாளர் ஒருவரையும் அலெக்ஸ் கம்பெல் என்ற இளைஞரையும் மொன்றியல் கனடியன்ஸ் அணிக்குக் கொடுத்தது. பதிலுக்கு கை அலன், போல் ரீட் என்ற இரண்டு இளைஞர்களை வாங்கிக்கொண்டது. கம்பெல், அலன், ரீட் மூவரும் தேசிய ஹொக்கி லீக்கில் ஒரு போட்டிகூட ஆடவில்லை. நாலாவது பொடியனின் பெயர் கென் ட்ரைடன்.

ட்ரைடன் உடனே மொன்றியலுக்குப் போகவில்லை. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்துக்குப் போய் வரலாறு படித்தார். மொன்றியலுக்காக அவர் முதல் போட்டி ஆடியது 1971 மார்ச்சில். ஆறே ஆறு போட்டி ஆடின அனுபவத்தோடு அவரை ப்ளே-ஓஃப் சுற்றில் இறக்கினார்கள். எதிரே நின்றது நடப்புச் சம்பியன் பொஸ்டன். அவர்களின் ஃபில் எஸ்பொசிட்டோ அந்த ஒரு பருவத்தில் மட்டும் 76 கோல் அடித்திருந்தார். ஏழு போட்டித் தொடரில் பொஸ்டன் 4-3 எனத் தோற்று வெளியேறியது. மொன்றியல் அந்த வருடம் ஸ்டான்லி கிண்ணத்தை வென்றது. ப்ளே-ஓஃப் சுற்றுகளின் சிறந்த வீரர் விருது ட்ரைடனுக்குப் போனது. எட்டுப் பருவங்கள் மட்டுமே ஆடி, ஆறு கிண்ணங்களோடு 1979 இல் அவர் ஓய்வுபெற்றார்.

தன்னை முதலில் தெரிவுசெய்தது பொஸ்டன் என்ற விசயமே 1970களின் நடுப்பகுதி வரைக்கும் ட்ரைடனுக்குத் தெரியாது. மொன்றியல்தான் தெரிவுசெய்தது எண்டு அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. தனக்கு ஒரு விலை போடப்பட்டதும், அது எவ்வளவு எண்டதும் தெரியாமலேதான் அந்தப் பொடியன் வளர்ந்திருக்கிறான்.

இந்தக் கட்டுரையில் நாங்கள் பார்க்கப்போவது அந்த விலையைப் பற்றித்தான். எங்கட ஊரில ஹொக்கி எண்டால் தரையில் விளையாடுவது. ரொறன்ரோவில் சொந்தக்காரர் இருக்கிற ஆக்களுக்கு மேப்பிள் லீஃப்ஸ் என்ற பெயராவது காதில் விழுந்திருக்கும். ஆகவே கொஞ்சம் அடிப்படையிலிருந்து தொடங்குவோம்.

ஐஸ் ஹொக்கியில் ஒரு அணிக்கு ஆறு பேர் பனித்தரையில் நிற்பார்கள். அதில் ஒருவர் கோல்காப்பாளர். தேசிய ஹொக்கி லீக்கின் அணிகள் வருடாவருடம் பெரும்பாலும் 18 வயது இளைஞர்களை வரிசை முறையில் தெரிவுசெய்யும். இதுதான் ட்ராஃப்ட். ஒருவரை இன்னொரு அணிக்குக் கொடுப்பதை ட்ரேட் என்பார்கள். ஐபிஎல் ஏலம் மாதிரிக் கோடிக்கணக்கில் காசு கத்திக் கேட்கிற வேலை இதில் இல்லை. ஆளுக்கு ஆள், அல்லது ஆளுக்குப் பதில் எதிர்கால ட்ராஃப்ட் வாய்ப்பு. பண்டமாற்றுத்தான். அதனால் ஒரு இளைஞனின் விலை இன்னொரு இளைஞனாகத்தான் எழுதப்படுகிறது.

இதில் கோல்காப்பாளரின் நிலை தனி. கிரிக்கெட்டில் ஒரு அணிக்கு ஒரு விக்கெட் காப்பாளர்தான். ஆனா இரண்டாவது காப்பாளர் நல்லாத் துடுப்பெடுத்தாடினால் அவருக்கும் அணியில் இடம் கிடைக்கும். ஹொக்கியில் அந்த வழி கிடையாது. வலை ஒன்று, அதற்கு முன்னால் நிற்பவரும் ஒருவர். இரண்டாவது ஆள் வாங்கிலில் குந்தியிருக்க வேண்டியதுதான். அடுத்தது, கோல்காப்பாளர்கள் தாமதமாகப் பழுப்பவர்கள். முன்வரிசை வீரர் ஒருவர் 19, 20 வயதில் தன்னைக் காட்டிவிடுவார். கோல்காப்பாளர் பலருக்கு 24, 25 வயதாகும். ட்ராஃப்டில் எடுத்த நாளிலிருந்து ஆறேழு வருடம் பொறுமை வேண்டும். அணி முகாமையாளரின் வேலை அவ்வளவு காலம் நிலைக்குமோ எண்டது வேற கேள்வி.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விலை எப்படி விழுகிறது எண்டு விளங்கும். உன்னிடம் இரண்டு கோல்காப்பாளர் இருக்கினம், ஒருவரை அனுப்பியே ஆகவேணும் எண்டு எல்லா அணிக்கும் தெரியும். ஆகவே கேட்கிற விலை கிடைக்காது. சந்தை முடியிற நேரத்தில மீன் விக்கிறவரின் நிலைதான்.

ட்ரைடனை மலிவாக வாங்கிய அதே மொன்றியல் 1995 இல் விற்கிற பக்கம் நின்றது. டிசம்பர் 2 அன்று டெட்ரொய்ட்டிடம் 11-1 எனத் தோற்ற போட்டியில், ஒன்பது கோல் வாங்கும் வரை பயிற்றுநர் தன் கோல்காப்பாளர் பட்ரிக் ருவாவை வெளியே எடுக்கவில்லை. வெளியே வந்த ருவா நேரே அணித் தலைவரிடம் போய், மொன்றியலுக்காக இது தன் கடைசிப் போட்டி எண்டு சொல்லிவிட்டார். நாலாவது நாளே அவரும் அணித்தலைவர் மைக் கீனும் கொலராடோவுக்கு அனுப்பப்பட்டார்கள். பதிலுக்கு வந்த மூவரில் ஒருவர் ஜொஸ்லன் திபோ. 1993 ட்ராஃப்டில் பத்தாவதாகத் தெரிவான கோல்காப்பாளர். மொன்றியலில் பிறந்தவர். வயது 20.

கொலராடோ அடுத்த கோடையிலேயே கிண்ணத்தை வென்றது. மொன்றியல் 1993 இல் ருவாவோடு வென்றதுக்குப் பிறகு இன்றுவரை வெல்லவில்லை. திபோ மோசமான வீரர் இல்லை. 500க்கும் மேற்பட்ட போட்டிகள் ஆடினார். ஆனா 20 வயதில் அவர் கையில் கொடுக்கப்பட்டது ருவாவின் வலை. எவ்வளவு தடுத்தாலும் ருவா தடுத்திருப்பார் எண்டு சொல்லக்கூடிய ஒரு ஊருக்கு முன்னால் நின்று ஆடவேண்டியிருந்தது. நாலு நாளில் முடிந்த ஒரு ட்ரேட்டின் கணக்கைத் திபோ மூன்று வருடம் கட்டினார், 1998 இல் சிக்காகோவுக்கு அனுப்பப்படும் வரைக்கும்.

அவசரத்துக்கு இன்னொரு முகமும் உண்டு: புதுசைக் கண்டால் பழசை விடுகிற அவசரம். நியூயோர்க் ஐலண்டர்ஸ் அணி 1997 ட்ராஃப்டில் நாலாவதாக ரொபேர்ட்டோ லுவாங்கோவை எடுத்தது. ஒரு கோல்காப்பாளர் ட்ராஃப்டில் அவ்வளவு மேலே போவது மிக அரிது. மூன்றே வருடத்தில், 2000 ஜூன் 24 அன்று, அதே அணி ட்ராஃப்டின் முதலாவது ஆளாக ரிக் டிபியெட்ரோ என்ற இன்னொரு கோல்காப்பாளரைத் தெரிவுசெய்தது. அதே நாளில் 21 வயது லுவாங்கோவையும் ஒல்லி யோக்கினனையும் ஃப்ளொரிடாவுக்குக் கொடுத்துவிட்டு மார்க் பரிஷ், ஒலெக் க்வாஷா இருவரையும் வாங்கியது.

லுவாங்கோ அந்த அணிக்கு ஆடியிருந்தது வெறும் 24 போட்டி. பின்னர் அவர் 1,000 போட்டிகளைத் தாண்டினார், 2010 இல் கனடாவுக்காக ஒலிம்பிக் தங்கம் வென்றார், 2022 இல் ஹொக்கியின் புகழ்மண்டபத்தில் சேர்க்கப்பட்டார். டிபியெட்ரோவுக்கு ஐலண்டர்ஸ் 2006 இல் 15 வருடத்துக்கு 67.5 மில்லியன் டொலர் ஒப்பந்தம் கொடுத்தது. காயத்துக்கு மேல் காயம். 2013 இல் ஒப்பந்தத்தை விலை கொடுத்து முடித்துக்கொண்டார்கள். 2000 ட்ராஃப்டில் இன்னொரு பெயரும் இருக்கிறது: 205 ஆவது தெரிவு, சுவீடனின் ஹென்ரிக் லுண்ட்க்விஸ்ட். அவரும் இப்போது புகழ்மண்டபத்தில். முதலாவது ஆளுக்கும் 205 ஆவது ஆளுக்கும் இடையில் இருந்த வித்தியாசத்தை அன்றைக்கு யாராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை.

ரொறன்ரோவுக்கு வருவோம். 1967 க்குப் பிறகு கிண்ணம் தொடாத அணி. 2005 ட்ராஃப்டில் 21 ஆவதாக பின்லாந்தின் டூக்கா ராஸ்க்கை எடுத்தது. அடுத்த வருடமே, 2006 ஜூன் 24 அன்று, பொஸ்டனிடம் அவரைக் கொடுத்து அன்ட்ரூ ரேக்ரொஃப்ட்டை வாங்கியது. அன்றைய கணக்கு நியாயமாகத்தான் தெரிந்தது. ரேக்ரொஃப்ட் 2004 இன் சிறந்த புதுமுக வீரர். ரொறன்ரோவுக்கு உடனடியாக ஒரு கோல்காப்பாளர் தேவை. எதிர்காலத்துக்கு ஜஸ்டின் போக் என்ற இன்னொரு இளைஞர் கையில் இருந்தார். அவர் அந்த வருட உலக இளையோர் போட்டியில் கனடாவுக்குத் தங்கம் வென்று கொடுத்தவர்.

ரேக்ரொஃப்ட் முதல் பருவத்தில் 37 வெற்றி பெற்றும் அணி ப்ளே-ஓஃப்புக்குப் போகவில்லை. 2008 இல் அவரை விட்டுவிட்டார்கள். போக் லீக்கில் ஆடியது மொத்தம் ஏழு போட்டி. ராஸ்க்கோ 2014 இல் சிறந்த கோல்காப்பாளருக்கான வெஸினா விருது பெற்றார், பொஸ்டன் வரலாற்றில் அதிக வெற்றி பெற்ற கோல்காப்பாளரானார். 2013 மே மாதம் பொஸ்டனுக்கு எதிரான ஏழாவது போட்டியில் ரொறன்ரோ 4-1 என முன்னுக்கு நின்று, மேலதிக நேரத்தில் 5-4 எனத் தோற்றது. எதிர் வலையில் நின்றது ராஸ்க். 2018 இலும் 2019 இலும் ரொறன்ரோவை ஏழாவது போட்டியில் பொஸ்டன் வெளியேற்றியபோதும் அவரேதான்.

2005 இலிருந்து லீக்கில் ஒவ்வொரு அணியின் மொத்தச் சம்பளத்துக்கும் உச்ச வரம்பு வந்தது. பெரிய சம்பளத்தில் ஒரு கோல்காப்பாளரை வைத்துக்கொண்டால் மற்றவரை வளர்க்க இடம் குறையும். ஃபிலடெல்ஃபியா 2011 இல் இல்யா பிரிஸ்காலோவுக்கு ஒன்பது வருடம், 51 மில்லியன் டொலர் கொடுத்தது. அடுத்த வருடம், 23 வயது சேர்ஜி பொப்ரோவ்ஸ்கியை கொலம்பஸுக்கு அனுப்பியது. கிடைத்தது ஒரு இரண்டாம் சுற்று வாய்ப்பும் இரண்டு நாலாம் சுற்று வாய்ப்பும். பொப்ரோவ்ஸ்கி அடுத்த பருவத்திலேயே வெஸினா விருது பெற்றார். 2024, 2025 இல் ஃப்ளொரிடாவோடு கிண்ணமும் வென்றார். பிரிஸ்காலோவின் ஒப்பந்தத்தை ஃபிலடெல்ஃபியா இரண்டே வருடத்தில் காசு கொடுத்து முடித்தது.

அப்ப பொறுத்திருந்தால் எப்பவும் வெற்றியா? இல்லை. ரொறன்ரோ போக்குக்காகப் பொறுத்திருந்தது. ஐலண்டர்ஸ் டிபியெட்ரோவுக்காகப் பொறுத்திருந்தது. இரண்டும் கைகூடவில்லை. இளம் கோல்காப்பாளரைக் கணிப்பது உண்மையிலேயே கஷ்டம். நாங்கள் சொல்ல வருவது வேறு. மேலே பார்த்த ட்ரேட்டுகளில் பொடியனின் திறமையைப் பற்றிப் புதிதாக எதுவும் தெரிய வரவில்லை. லுவாங்கோவோ ராஸ்க்கோ அந்த ஜூன் மாதத்தில் திடீரென்று மோசமாகிவிடவில்லை. மாறியது விற்கிறவரின் நிலைமை: ஒரு கோபம், ஒரு புது ஆசை, ஒரு பெரிய ஒப்பந்தம், அடுத்த பருவத்தைப் பற்றிய பயம். அதைத்தான் அந்த விலைகள் அளந்தன. ஆனா அந்த விலை வருடக்கணக்காக ஒட்டிக்கிடந்தது பொடியனின் பெயரோடு.

கடைசியாக ஒரு மாற்றத்தைக் கவனிக்கவேண்டும். 2020 ட்ராஃப்டில் 11 ஆவதாக ரஷ்யாவின் யாரொஸ்லாவ் அஸ்கரோவை நாஷ்வில் அணி எடுத்தது. நாலு வருடத்தில் லீக்கில் அவருக்குக் கிடைத்தது மூன்று போட்டி. 2024 ஜூலை 1 அன்று நாஷ்வில் தன் முதன்மைக் கோல்காப்பாளர் யூஸே சாரோஸோடு எட்டு வருட ஒப்பந்தம் செய்தது. வலை ஒன்றுதானே. தன்னை வேறு அணிக்கு அனுப்பும்படி அஸ்கரோவ் கேட்டதாகச் செய்தி வந்தது. ஓகஸ்ட் 23 அன்று அவர் சான் ஹொசேக்குப் போனார். பதிலுக்கு ஒரு முதற்சுற்று வாய்ப்பும் டேவிட் எட்ஸ்ட்ரம் உட்பட இளம் வீரர்களும் கொடுக்கப்பட்டார்கள்.

இந்த ட்ரேட்டில் யார் வென்றது எண்டு சொல்ல இன்னும் காலம் இருக்கு. ஆனா 22 வயதுக்காரர் ஒருவர், தன் காலம் வாங்கிலில் போகப்போகுது எண்டு விளங்கி, வாயைத் திறந்து கேட்டிருக்கிறார். அப்படிக் கேட்டதுக்காக அவரை அடக்கமில்லாதவர் எண்டு சொன்ன ஆக்களும் உண்டு. ட்ரைடனுக்குத் தான் கைமாறினதே தெரியாத காலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால், அஸ்கரோவ் கேட்டது எவ்வளவு பெரிய விசயம் எண்டு எங்களுக்குப் படுகிறது.